சபையின் எழுப்புதலும் தனி மனிதரின் புதுப்பித்தலும்: ஓர் எளிய விளக்கம்

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கோடை விடுமுறை தொடங்கினால் சுவர்களில் ஒரு வாசகம் கண்ணில் படாமல் போகாது: "மாபெரும் எழுப்புதல் கூட்டங்கள்". மூன்று நாள், மாலை ஆறு மணி, சிறப்புச் செய்தியாளர், இன்னிசைக் குழு. பந்தல் போடுகிறார்கள், நாற்காலி வாடகைக்கு எடுக்கிறார்கள், பக்கத்து ஊர்களிலிருந்து வேன்கள் வருகின்றன. நான்காம் நாள் பந்தல் பிரித்தபின் "எழுப்புதல் நடந்ததா?" என்று கேட்டால், பதில் பெரும்பாலும் எண்ணிக்கையாகத்தான் வருகிறது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் கை உயர்த்தினார்கள், காணிக்கை எவ்வளவு.

இந்தக் கூட்டங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அங்கே கேட்ட ஒரே வசனத்தால் வாழ்க்கையின் போக்கே மாறியவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். ஆனால் கூட்டம் வேறு, எழுப்புதல் வேறு. இரண்டையும் ஒன்றாகப் பேசிப் பேசியே, எழுப்புதல் என்பது வெளியூரிலிருந்து யாரோ ஒரு பெரிய ஊழியர் கொண்டுவந்து இறக்குவது என்ற எண்ணத்தை இளையவர்கள் மனத்தில் பதித்துவிட்டோம். இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பேச்சும் உண்டு: "என் தனிஜெபத்தை நான் ஒழுங்காகச் செய்கிறேன். சபை எப்படிப் போனால் எனக்கென்ன?" இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் ஒரு கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கிறது. ஒரு தனி மனிதரின் உள்ளத்தில் தேவன் செய்யும் வேலை முழுச் சபையையும் எட்டுவது எந்த வழியில்?

முதலில் சில சொற்கள்

நம் பேச்சில் கலந்து கிடக்கும் சொற்களைப் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஒருவர் முதல்முறையாகக் கிறிஸ்துவை விசுவாசித்துப் புது வாழ்வுக்குள் வருவது இரட்சிப்பு. ஏற்கெனவே விசுவாசிக்கும் ஒருவர் அன்பிலும் கீழ்ப்படிதலிலும் குளிர்ந்துபோயிருக்கும்போது, பரிசுத்த ஆவியானவர் அவரை மறுபடியும் தேவனிடம் திருப்பி, உள்ளத்தைப் புதிதாக்குவது ஆவிக்குரிய புதுப்பித்தல். இது ஒரே ஒரு ஆளுக்கு, யாருக்கும் தெரியாமல், அடுப்படியில் நின்றுகொண்டிருக்கும்போதுகூட நடக்கலாம். ஒரு சபையில் பலருக்கு ஒரே காலத்தில், வழக்கமான அளவை மீறி இந்தப் புதுப்பித்தல் நடந்து, அது சபையின் பொது வாழ்க்கையில் எல்லோருக்கும் தெரியும்படி வெளிப்பட்டால் அது எழுப்புதல். இன்னும் விசுவாசிக்காதவர்களுக்கு நற்செய்தி சொல்வது சுவிசேஷப் பணி. சுவரில் "எழுப்புதல் கூட்டம்" என்று எழுதியிருப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. நல்ல பணிதான், பெயர்தான் வேறு.

ஆகவே எழுப்புதல் என்பது முதலாவதாகச் சபைக்கு உள்ளே இருப்பவர்களுக்கு நடப்பது. வெளியே இருப்பவர்கள் வந்து சேர்வது அதன் விளைவு.

மழையும் வரத்துக்காலும்

சிவகங்கைச் சீமையில் பிறந்தவர்களுக்குக் கண்மாயைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மேட்டு நிலங்களில் விழும் மழை வரத்துக்கால் வழியாக ஓடிவந்து கண்மாயில் தேங்கும். கண்மாய் நிறைந்ததும் கூடுதல் தண்ணீர் கலுங்கு வழியாக வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஊர். ஒரு நல்ல மழைக்காலத்தில் ஏழெட்டு ஊர்கள் இப்படி ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீர் பார்க்கும்.

ஆனால் நல்ல மழை பெய்தும் கண்மாய் பாதிகூட நிறையாத வருஷங்களையும் பார்த்திருக்கிறோம். வானம் குறை வைக்கவில்லை. வரத்துக்கால்தான் மண் மேவிக் கிடந்தது. சீமைக்கருவேல் வேரோடி அடைத்திருந்தது. ஒருவர் தன் வரப்பை இரண்டடி தள்ளிப் போட்டிருந்தார். இன்னொருவர் இடித்த சுவரின் செங்கல்லைக் கொட்டி வைத்திருந்தார். வந்த தண்ணீர் வேறு பக்கம் திரும்பி வீணாகப் போனது. அதனால்தான் அந்தக் காலத்தில் மழைக்கு முன்பே வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு இறங்கி வரத்துக்காலைத் தூர்வாரினார்கள். குடிமராமத்து என்ற அந்தப் பழைய வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் அதே பெயரில் திட்டமாகக் கொண்டுவந்தது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பத்து வீட்டார் தூர்வாரி, நடுவில் ஒரு வீட்டார் தங்கள் பங்கை விட்டுவிட்டால், தண்ணீர் அந்த இடத்தில் நின்றுவிடும்.

எழுப்புதலில் மழை என்பது தேவனுடைய ஆவியானவரின் செயல். அதை எந்த ஊழியரும் எந்த மேடையிலிருந்தும் வரவழைக்க முடியாது. வரத்துக்கால் என்பது சபையில் இருக்கும் ஒவ்வொருவரின் உள்ளமும், அவர் மற்றவர்களோடு வைத்திருக்கும் உறவும். கண்மாய், சபை. கலுங்கு, சபையைத் தாண்டி ஊருக்கும் பக்கத்துச் சபைக்கும் போகும் நன்மை.

இந்த ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. மண்வெட்டியை எடுக்கும் மனத்தைக்கூட தேவனே தருகிறார் என்பது கிறிஸ்தவ விசுவாசம். வரத்துக்காலை வாரியதற்குக் கூலியாக யாரும் மழையைக் கேட்க முடியாது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: எழுப்புதல் தேவன் தருவது. அது சபைக்குள் வரும் வழி தனி மனிதர்கள். வழி அடைபட்டுக் கிடந்தால் கொடுக்கப்பட்டதே வந்து சேராமல் போகலாம்.

சபைக்கு எழுதிய கடிதத்தில் "ஒருவன்"

"இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்ற வசனம் நம் வீடுகளில் காலண்டரிலும் கதவுக்கு மேலேயும் தொங்குகிறது. விசுவாசியாதவர்களை அழைக்கும் வசனமாகவே அதைப் பயன்படுத்திப் பழகிவிட்டோம். வெளிப்படுத்தின விசேஷம் 3-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால், அது லவோதிக்கேயா என்னும் ஊரின் சபைக்கு எழுதப்பட்டது. பணம் இருந்த சபை, எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிக்கொண்ட சபை, குளிருமில்லாமல் அனலுமில்லாமல் வெதுவெதுப்பாய் இருந்த சபை. கிறிஸ்து தம்முடைய சபையின் கதவுக்கு வெளியே நிற்கிறார். அது எவ்வளவு துயரமான காட்சி!

அடுத்து அவர் சொல்வதுதான் நம் கேள்விக்கு விடை. சபைக் கமிட்டி கூடித் தீர்மானம் போட்டால் உள்ளே வருவேன் என்று அவர் சொல்லவில்லை. எல்லோரும் எழுந்து வந்து திறந்தால் என்றும் சொல்லவில்லை. "ஒருவன் என் சத்தத்தைக் கேட்டு, கதவைத் திறந்தால்" என்கிறார். முழுச் சபையின் நோய்க்கு மருந்து ஒரே ஒருவரிடம் தொடங்குகிறது.

உள்ளே நடப்பது என்ன

புதுப்பித்தல் என்றவுடன் கண்ணீர், நடுக்கம், உரத்த சத்தம் என்று நினைக்கிறோம். அவை வரலாம், வராமலும் போகலாம். அவற்றுக்கு அடியில் நடக்கும் காரியத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஏசாயா தேவாலயத்தில் தேவனுடைய பரிசுத்தத்தைக் கண்டபோது முதலில் சொன்னது தன்னைப் பற்றி: நான் அசுத்த உதடுகளுள்ள மனுஷன். அதற்குப் பிறகுதான், அசுத்த உதடுகளுள்ள ஜனங்களின் நடுவில் வாசமாயிருக்கிறேன் என்றார். நாம் வழக்கமாக இந்த வரிசையை மாற்றிவிடுகிறோம். ஆராதனை முடிந்து வெளியே மரத்தடியில் நின்று, போதகர் சரியில்லை, கமிட்டி சரியில்லை, வாலிபர்கள் போக்கு சரியில்லை என்று பேசுகிறோம். அது முழுவதும் உண்மையாகவேகூட இருக்கலாம். ஆனாலும் அந்தப் பேச்சிலிருந்து எந்தச் சபையும் எழும்பியதில்லை.

நெகேமியா இன்னும் ஒரு படி மேலே போகிறார். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கும் செய்தி வந்தபோது அவர் பாரசீக அரண்மனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மதில் இடிந்த காலத்தில் அவர் பிறந்திருக்கவே இல்லை. ஆனாலும் அவர் ஜெபத்தில், நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவஞ்செய்தோம் என்கிறார். சபையின் நிலையைத் தன் நிலையாக ஏற்றுக்கொள்ளும் இந்த மனம்தான் புதுப்பித்தலின் முதல் அடையாளம் என்பது என் துணிபு.

இதற்கு அடுத்தது மனந்திரும்புதல். வருத்தப்படுவது மட்டும் மனந்திரும்புதல் ஆகாது. எதைப் பாவம் என்று கண்டோமோ அதை விட்டு, வந்த வழியே திரும்பி நடக்கத் தொடங்குவது. 51-ஆம் சங்கீதத்தில் தாவீது மன்னிப்போடு நிற்காமல், சுத்த இருதயத்தைச் சிருஷ்டிக்கும்படி கேட்கிறார். பழையதைத் துடைத்துத் தரச் சொல்லவில்லை, புதிதாக உண்டாக்கச் சொல்கிறார். அதே சங்கீதத்தின் பிற்பகுதியில், அப்பொழுது பாதகருக்கு உமது வழிகளை உபதேசிப்பேன் என்கிறார். தனக்கு நடந்தது மற்றவர்களுக்குப் பயன்படும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அது பிறகு வருவது.

நின்றுபோகும் இடம்

புதுப்பித்தலில் பலரும் நின்றுவிடும் ஓர் இடம் உண்டு. அதைத் தாண்டாவிட்டால் தனி மனிதரின் அனுபவம் சபைக்கு வந்து சேராது. ஆகவே இங்கே கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு சிறிய சபை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது குடும்பங்கள். அதில் இரண்டு பேர் பங்காளிகள். பொதுக் கிணற்றில் மோட்டார் வைத்த கணக்கில் தகராறு வந்து, பேச்சு நின்று, வருஷங்கள் ஓடிவிட்டன. ஒருவர் ஆலயத்தின் தென்பக்கக் கதவு வழியாக வருவார், மற்றவர் வடபக்கம். திருவிருந்துக்கு ஒருவர் எழுந்து போனால் மற்றவர் அடுத்த வரிசைக்குக் காத்திருப்பார். பெரியவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இளையவர் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஓய்வுநாள் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்காருவதில்லை. ஏனென்று அவர்களுக்கே தெரியாது. சபையார் எல்லோரும் இதை அறிவார்கள். அதனால் ஐக்கியத்தைப் பற்றிப் பிரசங்கம் வந்தால் எல்லோரும் தரையைப் பார்க்கிறார்கள். கூட்டு ஜெபத்தில் இரண்டு பேரில் ஒருவர் ஜெபித்தால், மற்றவர் வீட்டார் "ஆமென்" சொல்லும் சத்தம் குறைகிறது.

இப்போது பெரியவருக்கு உள்ளத்தில் ஒரு புதுப்பித்தல் நடக்கிறது. விடியற்காலையில் எழுந்து ஜெபிக்கிறார், வேதத்தை ஆவலோடு வாசிக்கிறார், கண்ணீர் விடுகிறார். எல்லாம் உண்மை. ஆனால் இவ்வளவோடு நின்றால் சபைக்கு எதுவும் வந்து சேரவில்லை. மோட்டார் கணக்கு அப்படியே இருக்கிறது.

மத்தேயு 5-இல் இயேசு சொல்வது இந்த இடத்துக்குத்தான். காணிக்கையைப் பீடத்துக்குக் கொண்டுவந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறார். ஒப்புரவு என்றால் உடைந்த உறவைச் சரிசெய்வது. ஈடுசெய்தல் என்றால் தவறாக எடுத்ததைத் திருப்பித் தருவது. சகேயு இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டபோது, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். அதன் பிறகுதான் இயேசு, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார்.

வட்டிக் கணக்கு எல்லோருக்கும் அத்துப்படியான நம் சீமையில் நெகேமியா 5-ஆம் அதிகாரத்தைத் தனியாக வாசிக்க வேண்டும். மதில் வேலை மும்முரமாக நடக்கும்போது ஏழைகள் கூக்குரலிடுகிறார்கள். வயலும் திராட்சத் தோட்டமும் அடமானத்தில் போய்விட்டன, பிள்ளைகளே அடிமையாகிறார்கள், கடன் கொடுத்தவர்களோ சொந்தச் சகோதரர்கள். நெகேமியா கோபப்படுகிறார். ஆனால் பேசும்போது தன்னையும் சேர்த்துக்கொள்கிறார்: நானும் என் சகோதரரும் கடன் கொடுத்திருக்கிறோம், இந்த வட்டியை நாம் விட்டுவிடுவோம், நிலத்தையும் வீட்டையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்கிறார். மூன்று அதிகாரம் கழித்து, 8-ஆம் அதிகாரத்தில், ஜனங்கள் ஒருமனதாக வீதியில் கூடி வேதத்தைக் கேட்டு அழுகிறார்கள். எழுப்புதலைப் பற்றிய பிரசங்கங்களில் 8-ஆம் அதிகாரம் அடிக்கடி வருகிறது. 5-ஆம் அதிகாரம் வருவதே இல்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

இது கொரியாவில் எப்படி நடந்தது என்பதற்கு நல்ல பதிவு இருக்கிறது. ராபர்ட் ஹார்டி கனடாவிலிருந்து போன மருத்துவர், மெதடிஸ்ட் மிஷனெரி. பல வருஷ உழைப்புக்குப் பலன் இல்லை. 1903-இல் வொன்சான் நகரில் மிஷனெரிகளின் சிறிய ஜெபக் கூடுகையில் பேசும்படி அவரைக் கேட்டார்கள். அதற்குத் தயாரானபோது, தடை ஜனங்களிடம் இல்லை, தன்னிடம்தான் என்பது அவருக்குத் தெரிந்தது. தன் பெருமையையும் இருதயக் கடினத்தையும் விசுவாசக் குறைவையும் முதலில் உடன் மிஷனெரிகள் முன்பும், பிறகு கொரியச் சபையார் முன்பும் ஒப்புக்கொண்டார். படித்த மருத்துவர், வெளிநாட்டவர், ஊழியத்தின் தலைவர். அப்படிப்பட்டவர் தங்கள் முன் நின்று என் குறை இது என்று சொன்னதைக் கொரியர்கள் அதுவரை பார்த்ததில்லை. மனந்திரும்புதல் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டார்கள்.

அங்கிருந்து பரவிய அசைவு 1907 ஜனவரியில் பியோங்யாங் நகரில் பெரும் எழுப்புதலாயிற்று. அங்கே முன்நின்றவர்களில் ஒருவர் கில் சன்-ஜு என்னும் மூப்பர். இறந்துபோன நண்பரின் சொத்தைக் கவனிக்கும் பொறுப்பில் ஒரு தொகையைத் தனக்கென எடுத்துக்கொண்டதைச் சபை முன் அவர் ஒப்புக்கொண்டு, அதைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னது பதிவாகியிருக்கிறது. அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் எழுந்து அறிக்கை செய்தார்கள்.

ஒருவர் தன்னைத் தாழ்த்துவது மற்றவர்களுக்கு வழி திறக்கும் முறை இதுதான். சபையில் ஒவ்வொருவரும் தன் குறையை மறைத்துக்கொண்டு, மற்றவர் எல்லோரும் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் உண்மையைச் சொன்னதும் பக்கத்தில் இருப்பவருக்கு மறைக்க வேண்டிய அவசியம் போய்விடுகிறது. பெரியவர் ஒரு மாலையில் கணக்குச் சீட்டோடு இளையவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, "தம்பி, மோட்டார் கணக்கில் நான் உனக்குச் செய்தது தவறு. இந்தா, உன் பங்கு" என்று சொன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எத்தனை பேருடைய இருதயம் அசையும் என்று எண்ணிப் பாருங்கள். யாரும் எதையும் அறிவிக்க வேண்டியதில்லை. தென்பக்கக் கதவு வழியாக இரண்டு வீட்டாரும் சேர்ந்து வந்தாலே போதும்.

ஆகவே புதுப்பித்தல் மூன்று நிலைகளில் நகர்கிறது. தேவனுக்கு முன் தன்னைக் காண்பது, திரும்புவது, மனிதரிடம் போய்ச் சரிசெய்வது. மூன்றாவதில்தான் அது சபையின் சொத்தாகிறது.

ஒருமனமான ஜெபம்

எழுப்புதலுக்காக ஜெபியுங்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். முழு இரவு ஜெபமும் உபவாச ஜெபமும் நம் சபைகளில் குறைவில்லை. ஆனால் மேலே சொன்ன சரிசெய்தல் நடந்தபின் வரும் கூட்டு ஜெபத்துக்குத் தனி வலிமை உண்டு. ஜெபிக்கிறவர்களுக்குள் மறைப்பு இல்லை.

1727-இல் ஜெர்மனியின் சாக்ஸனியில் ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரில், மொராவியாவிலிருந்து தப்பி வந்த அகதிகள் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் குடியேறியிருந்தார்கள். விசுவாசத்துக்காகத் துன்பப்பட்டவர்கள், ஆனாலும் உபதேசத்திலும் வழிபாட்டிலும் ஒருவரோடொருவர் சண்டை. சின்சென்டார்ஃப் வீடுவீடாகப் போய்ப் பேசினார். மே 12-இல் எல்லோரும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 13-இல் பெர்தல்ஸ்டார்ஃப் ஆலயத்தில் திருவிருந்தில் அவர்கள் ஒருமனப்பட்டு அழுதார்கள். அதே மாதம் 27-இல் 24 ஆண்களும் 24 பெண்களும் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்ற முறையில் இரவும் பகலும் ஜெபிக்கத் தொடங்கினார்கள். அந்த ஜெபச் சங்கிலி நூறு வருஷத்துக்கும் மேல் நீடித்தது. 1732-இல் அவர்கள் முதல் மிஷனெரிகளை மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். 1760-இல் நம் தரங்கம்பாடிக்கே அவர்களில் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. வீடுவீடாகப் போனது, உடன்படிக்கை, திருவிருந்து, ஜெபம், அனுப்புதல் என்ற இந்த வரிசையைக் கவனியுங்கள். நாம் நான்காவதிலிருந்து தொடங்க ஆசைப்படுகிறோம்.

கலுங்கு தாண்டும்போது

எழுப்புதலுக்கு மேல்நாட்டை மட்டும் பார்க்க வேண்டியதில்லை. வத்திராயிருப்புக்கு அருகில் கிறிஸ்தியான்பேட்டை என்னும் ஊரை உருவாக்கி வாழ்ந்தவர் யோவான் கிறிஸ்தியான் அருளப்பன். 1810-இல் பிறந்த தமிழர். எந்த மிஷன் சங்கத்தின் சம்பளத்தையும் சாராமல், தேவனை நம்பி எளிய வாழ்க்கை வாழ்ந்தவர். 1860 மார்ச்சில் அவரைச் சுற்றியிருந்த ஜனங்களிடையே எழுப்புதல் தொடங்கியது. பாவத்தைக் குறித்துக் கதறினார்கள், அறிக்கை செய்தார்கள், பிறகு ஊர் ஊராக நற்செய்தி சொல்லப் புறப்பட்டார்கள். திருநெல்வேலிப் பகுதிச் சபைகளைத் தொட்ட அந்த அசைவு, பின்னாளில் திருவிதாங்கூர் வரை போயிற்று. வெள்ளைக்கார மிஷனெரி யாரும் முன்நின்று நடத்தாமல், நம் மண்ணில், நம் மொழியில் நடந்தது இது.

பண்டித ரமாபாயின் வாழ்க்கை இன்னொன்றைக் கற்றுத்தருகிறது. 1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றவர். சமஸ்கிருதப் புலமையால் பெயர்பெற்றவர். இளம் விதவைகளுக்காக இல்லம் நடத்தியவர். எட்டு வருஷம் கழித்து, தான் கிறிஸ்தவ மதத்தைக் கண்டுகொண்டதே தவிர, கிறிஸ்துவைக் கண்டுகொள்ளவில்லை என்று உணர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்தப் புதுப்பித்தலுக்கும், புனே அருகே கேட்காவில் அவருடைய முக்தி மிஷனில் 1905 ஜூனில் வந்த எழுப்புதலுக்கும் இடையில் ஏறத்தாழ 14 வருஷம். பஞ்சத்தில் அநாதைகளான பெண்பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, படிக்கவைத்து, நோய் பார்த்துக் கழிந்த வருஷங்கள். 1905 தொடக்கத்தில் ஜெபிக்க வரச்சொன்னபோது சுமார் 70 பேர் வந்தார்கள். ஜூனுக்குள் அது பல மடங்காயிற்று. இன்று புதுப்பிக்கப்பட்டால் நாளை சபை எழும்பும் என்று கணக்குப் போடுபவர்கள் இந்த இடைவெளியை நினைவில் வைக்க வேண்டும்.

நம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் தவக்காலத் தியானத்திலும் ஒப்புரவு அருட்சாதனத்திலும் தேடுவதும் இந்தப் புதுப்பித்தலைத்தான். தேவகோட்டையிலிருந்து அதிகத் தூரமில்லாத ஓரியூரில் போர்த்துகீசியக் குரு அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று உயிர்கொடுத்தார். தடியத்தேவர் என்னும் ஒருவரின் மனமாற்றம் இராமநாதபுரம் அரண்மனை வரை எதிரொலித்ததே அதற்குக் காரணமாயிற்று. ஒரு மனிதன் மாறினால் அது அவனோடு நிற்பதில்லை என்பது இந்தச் சீமைக்குப் பழைய பாடம்.

இது சூத்திரமா?

இல்லை. அமெரிக்காவில் 1730-களில் தன் சபையில் எழுப்புதலைக் கண்ட ஜோனத்தன் எட்வர்ட்ஸ் அதைத் தேவனுடைய வியப்பான செயல் என்றார். நூறு வருஷம் கழித்து வந்த சார்லஸ் ஃபின்னி, தேவன் கொடுத்த வழிமுறைகளைச் சரியாகப் பயன்படுத்தினால் எழுப்புதல் விளையும் என்றார். அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். என் சாய்வு எட்வர்ட்ஸ் பக்கம்தான். எரேமியா தீர்க்கதரிசி நாற்பது வருஷம் கண்ணீரோடு பேசினார், எருசலேம் மனந்திரும்பவில்லை. அவர் உள்ளத்தில் குறை இருந்ததால் அப்படி ஆயிற்று என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

சபை எழும்பாததற்கு அங்கே உண்மையாய் ஜெபிக்கும் ஒரு வயதான அம்மாவின் விசுவாசக் குறைவே காரணம் என்று சிலர் மேடையிலிருந்து சொல்வதைக் கேட்கும்போது கோபம் வருகிறது. அது வேதம் சொல்லாதது.

தவறாகப் போகும் இன்னும் இரண்டு இடங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, அறிக்கையின் எல்லை. பாவம் எவ்வளவு பேரைத் தொட்டதோ அவ்வளவு பேர் முன் அறிக்கை செய்தால் போதும். இரண்டு பேருக்குள் நடந்ததை இருநூறு பேர் முன் ஒலிபெருக்கியில் சொன்னால், அது இன்னொருவரின் மானத்தை வாங்குவதில் முடியும். குற்றமாக உள்ள காரியத்தை, முக்கியமாகப் பிள்ளைகளுக்கோ பெண்களுக்கோ இழைத்த கொடுமையை, கண்ணீர் அறிக்கையோடு மூடிவிடவும் கூடாது. அதற்குச் சட்டம் இருக்கிறது. மனந்திரும்பியவர் சட்டத்துக்கு முன்னும் நிற்பார்.

இரண்டாவது, உடலின் அளவு. வேல்ஸ் நாட்டில் 1904 அக்டோபர் 31 அன்று, லௌகர் ஊர்ச் சபையில், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்திருந்த 26 வயது எவன் ராபர்ட்ஸ் ஒரு சிறு கூட்டத்தோடு தொடங்கியது சில மாதங்களில் நாடெங்கும் பரவியது. அங்கிருந்து நம் நாட்டின் வடகிழக்கில், மேகாலயாவின் காசி மலைச் சபைகள் வரை அதன் தாக்கம் வந்தது. ஆனால் ஓய்வில்லாமல் உழைத்த அவர் உடலும் மனமும் தளர்ந்து, 1906-க்குள் பொது ஊழியத்திலிருந்து ஒதுங்க வேண்டியதாயிற்று. எழுப்புதலை ஒரு ஆள்மேல் ஏற்றி வைத்தால் அந்த ஆள் தாங்கமாட்டார்.

சுருக்கமாகச் சொன்னால், புதுப்பித்தல் எழுப்புதலுக்கு விலை அல்ல, வழி. அந்த வழியிலும் நிதானம் வேண்டும்.

நிலைத்திருக்க

1738 மே 24 அன்று லண்டனில் ஜான் வெஸ்லியின் உள்ளம் அனலடைந்த கதை பலருக்குத் தெரியும். அப்போது அவர் குருப்பட்டம் பெற்றுப் பத்து வருஷமாகியிருந்தது. அமெரிக்காவுக்கு மிஷனெரியாகப் போய்த் திரும்பியும் இருந்தார். ஆனால் அவர் தொடங்கிய மெதடிஸ்ட் அசைவைத் தாங்கிப்பிடித்தது அந்த ஒரு மாலை மட்டும் இல்லை. 1742 முதல் ஏறத்தாழ பன்னிரண்டு பேர் கொண்ட சிறு வகுப்புகள் வாரந்தோறும் கூடின. ஒவ்வொருவரும் தன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மறைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார இடமில்லை.

நம் சபைகளில் இதற்கு ஏற்ற இடம் ஏற்கெனவே இருக்கிறது: வீட்டு ஜெபக் கூட்டம். மூன்று பாட்டு, ஒரு செய்தி, காபி, பிஸ்கெட் என்று ஆகிவிட்ட அந்தக் கூட்டத்தில், இந்த வாரம் எங்கே தவறினேன், யாரிடம் போக வேண்டியிருக்கிறது என்று மூன்று பேர் நம்பிக்கையோடு பேசிக்கொள்ளும் கால்மணி நேரத்தைச் சேர்த்தால் போதும். அங்கே கேட்டது வெளியே போகாது என்ற உறுதி மட்டும் கண்டிப்பாக வேண்டும். அது மீறப்பட்டால் அடுத்த வாரம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் திருவிருந்து ஞாயிறுக்கு முந்தைய வாரத்தைத் தேர்ந்துகொள்ளலாம். 51-ஆம் சங்கீதத்தை ஒரு நாளைக்குச் சில வசனமாக வாசித்து, மனத்தில் வரும் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். எல்லோரிடமும் ஒரே வாரத்தில் போக முடியாது. போவதற்கு மிகவும் கடினமாக இருக்கும் பெயரைப் போதகரிடமோ முதிர்ந்த ஒரு விசுவாசியிடமோ சொல்லி, அவரோடு சேர்ந்து ஜெபியுங்கள். ஒரே ஒரு பெயரிடம் அந்த வாரத்தில் போய்விடுங்கள். பணக் காரியமாக இருந்தால் கையில் பணத்தோடு போங்கள்.